அழுத்தியவருக்குத் தெரியும், உள்ளே இருப்பவருக்கு? காது கேளாதோருக்கான வயர்லெஸ் காலிங் பெல்

காது கேளாதோருக்கான காலிங் பெல் என்று இணையக் கடைகளில் தேடினால் வரும் பட்டியல் யாரையும் குழப்பும். சில நூறு ரூபாய்க்கு ஒரு வயர்லெஸ் பெல் இருக்கிறது, ஐம்பது மெலடி, ஓரத்தில் நீல விளக்கு. அதற்குக் கீழேயே அதே மாதிரி பட்டன், அதே மாதிரி பெட்டி, விலை மட்டும் பத்து இருபது மடங்கு. அப்புறம் கேமரா வைத்த பெல், போனே சத்தத்தைக் கேட்டு அறிவிக்கும் வசதி என்று பட்டியல் நீள்கிறது. எல்லாமே ஒரே வேலையைச் செய்வதாகத்தான் எழுதியிருக்கிறார்கள். உள்ளே நடப்பது ஒன்றல்ல, தவறும் இடங்களும் ஒன்றல்ல. முதலில் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

பெல் அடிக்காவிட்டால் என்ன ஆகிறது?

காது நன்றாகக் கேட்கும் ஒருவர் வீட்டில் காலிங் பெல் கெட்டுப்போனால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. வந்தவர் இரண்டு முறை அழுத்திப் பார்ப்பார். கதவைத் தட்டுவார். கேட்டின் தாழ்ப்பாளை ஆட்டுவார். "சார், போஸ்ட்!" என்று குரல் கொடுப்பார். கூரியர் பையன் என்றால் போன் செய்வார். ஒன்று தவறினால் அடுத்தது கைகொடுக்கும். கதவைத் திறந்ததும் வந்தவரே சொல்லிவிடுவார்: "பெல் வேலை செய்யலைங்க."

இந்த மாற்று வழிகள் அத்தனையும் சத்தங்கள். காது கேளாதவர் வீட்டில் பெல் தவறினால் இவையும் சேர்ந்தே தவறுகின்றன. அதைவிட முக்கியம், தவறியது என்பதே அவருக்குத் தெரிய வருவதில்லை. கேஸ் சிலிண்டர் திரும்பிப் போயிருக்கும், ஸ்பீட் போஸ்டுக்கு வீட்டில் ஆள் இல்லை என்று சீட்டு விழுந்திருக்கும். அவர் அன்று முழுக்க வீட்டில்தான் இருந்திருப்பார்.

அதனால் இந்தக் கருவிகளை 'பெல்லோடு ஒரு விளக்கு' என்று பார்த்தால் கணக்கு தப்பும். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று.

1. வீட்டின் எந்த மூலையில், எந்த நிலையில் இருந்தாலும், தூக்கத்திலும்கூட, செய்தி அவரை எட்டுகிறதா?
2. வந்தது வாசல் அழைப்பா, வேறு ஏதாவதா என்று பிரித்தறிய முடிகிறதா?
3. கருவி பழுதானால் அதை அவரால் கண்டுபிடிக்க முடிகிறதா?

மலிவான கருவிகள் பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே தடுமாறும். விலை கூடியவற்றிலும் சில மூன்றாவதில் நழுவிவிடுகின்றன.

யாருக்கு இது தேவைப்படுகிறது?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, செவித்திறன் இழப்பால் மறுவாழ்வு உதவி தேவைப்படுவோர் உலகில் சுமார் 43 கோடிப் பேர். 2050-இல் இது 70 கோடியைத் தாண்டும் என்று அதே நிறுவனம் மதிப்பிடுகிறது. அறுபது வயதைக் கடந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் இந்தப் பிரச்சினை உண்டு.

இழப்பை டெசிபெல் என்ற ஒலி அலகில் அளக்கிறார்கள். ஒருவருக்குக் கேட்கத் தொடங்கும் மிக மெல்லிய ஒலி எது என்பதுதான் அளவு. 20 டெசிபெலுக்குள் கேட்டால் இயல்பு. 35 முதல் 50 வரை மிதமான இழப்பு. 65-க்கு மேல் கடுமையானது. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சு அலைவெண்களில் இரு காதிலும் 70 டெசிபெல் இழப்பு இருந்தால் 'காது கேளாதவர்' என்றும், 60 முதல் 70 வரை இருந்தால் 'செவித்திறன் குறைந்தவர்' என்றும் வரையறுக்கிறது.

சட்டத்தின் கோட்டுக்கும் வீட்டின் நிலைமைக்கும் இடையே இடைவெளி இருக்கிறது. 50 டெசிபெல் இழப்பு உள்ள ஓர் அம்மா இந்தச் சட்டத்தின் கணக்கில் வரமாட்டார். ஆனால் சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்போது முன்னறையில் அடிக்கும் பெல் அவருக்கு இல்லாத ஒன்றுதான். காது மிஷின் வைத்திருந்தால்? குளிக்கும்போது கழற்றிவைப்பார், தூங்கும்போது கழற்றிவைப்பார். அந்த நேரங்களில் மிஷின் வைத்திருப்பவரும் வைத்திராதவரும் ஒன்றுதான்.

சத்தத்தைக் கூட்டினால் போதாதா?

பெரும்பாலான வீடுகளில் முதலில் செய்வது இதுதான், பெரிய சத்தம் போடும் பெல் வாங்குவது. சிலருக்கு இது உதவும். பலருக்கு உதவாததற்குக் காரணங்கள் உண்டு.

வயதாவதால் வரும் செவித்திறன் குறைவு எல்லா ஒலிகளையும் சமமாகக் குறைப்பதில்லை. கீச்சென்ற உயர் அலைவெண் ஒலிகள்தான் முதலில் போகின்றன. மலிவான வயர்லெஸ் பெல்லின் சிறிய ஸ்பீக்கரால் அடித்தொண்டை ஒலிகளை எழுப்ப முடியாது. கிளி கத்துவது, குயில் கூவுவது, 'பீப்' அடிப்பது என்று பெரும்பாலும் கீச்சென்ற ஒலிகளில்தான் அவை பாடும். அதாவது, தாத்தாவின் காது எந்தப் பகுதியை இழந்திருக்கிறதோ சரியாக அந்தப் பகுதியில். பழைய 'டிங்-டாங்' பெல் அவருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது, புதிதாக மாட்டிய 'அதிக சத்த' பெல் கேட்கவில்லை என்று ஒரு வீட்டில் சொன்னால் அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

இரண்டாவது, உள்காதின் நுண்ணிய செல்கள் பழுதானவர்களுக்கு மெல்லிய ஒலி கேட்காது, ஆனால் ஒலி கொஞ்சம் கூடியதும் சட்டென்று பொறுக்க முடியாத அளவுக்குப் போய்விடும். "கேட்கலை, சத்தமாப் பேசு" என்பவரே அடுத்த நொடி "ஏன் கத்துறே?" என்பது இதனால்தான். கேட்பதற்கும் வலிப்பதற்கும் இடையில் அவர்களுக்கு இருக்கும் வெளி குறுகலானது.

மூன்றாவது, தூரம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபெல் குறையும். மூடிய கதவும் சுவரும் அதற்கு மேல் விழுங்கும். பெட்டியில் 110 டெசிபெல் என்று அச்சிட்டிருப்பார்கள். எத்தனை சென்டிமீட்டர் தள்ளி அளந்தது என்று சொல்லமாட்டார்கள். அந்த எண்ணுக்கு எந்த மரியாதையும் கொடுக்க வேண்டியதில்லை.

கருவிக்குள் என்ன நடக்கிறது

வயர்லெஸ் பெல் எதுவானாலும் அடிப்படைப் பாதை ஒன்றுதான்.

1. வாசலில் உள்ள பட்டன் ஒரு சிறிய ரேடியோ நிலையம். உள்ளே 3 வோல்ட் பட்டன் பேட்டரியோ, 12 வோல்ட் சிறு பேட்டரியோ இருக்கும். சிலவற்றில் பேட்டரியே இல்லை. அழுத்தும் விசையில் காந்தம் ஒரு கம்பிச்சுருளுக்குள் நகர்ந்து, செய்தி அனுப்பத் தேவையான மின்சாரத்தை அந்தக் கணத்திலேயே உண்டாக்கும்.

2. பட்டன் ரேடியோ அலை அனுப்பும். நம்மூரில் விற்கும் பெல்களில் 433 மெகாஹெர்ட்ஸ் பரவலானது. ஐரோப்பியத் தயாரிப்புகளில் 868, அமெரிக்கத் தயாரிப்புகளில் 315 என்று பார்க்கலாம். வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸைவிடக் குறைந்த இந்த அலைகள் சுவரை ஊடுருவுவதில் மேலானவை. அதே 433-இல்தான் வேறு பல ரிமோட்களும் பேசுகின்றன என்பது இதன் மறுபக்கம்.

3. அலையோடு ஓர் அடையாள எண் போகும். பக்கத்து வீட்டுப் பட்டனுக்கு நம் பெல் அடிக்காமல் இருக்க இதுதான் காப்பு. பழைய கருவிகளில் எட்டு குட்டி சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி எண்ணை அமைப்பார்கள். அதில் கிடைப்பது 256 சேர்க்கைகள். இப்போது பரவலாக உள்ள சிப்களில் 20 பிட் எண், அதாவது பத்து லட்சத்துக்கு மேற்பட்டவை, ஆலையிலேயே பதிந்து வரும்.

4. உள்ளே இருக்கும் ரிசீவர் அந்த எண்ணைக் 'கற்று' வைத்திருக்கும். ஒரு பட்டனுக்குப் பல ரிசீவர்களைப் பழக்கலாம்; ஒரு ரிசீவருக்குப் பல பட்டன்களையும் பழக்கலாம். காது கேளாதவர் வீட்டுக்கு இந்த வசதிதான் உயிர்நாடி. ஹாலில் ஒன்று, சமையலறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று என்று வைக்க முடியும்.

5. ரிசீவர் செய்தியை மனிதருக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும். ஒலி, ஒளி, அதிர்வு. சாதாரண பெல்லும் உதவிக் கருவியும் பிரிவது இங்கேதான்.

சில நூறு ரூபாய் பெல்லின் நீல விளக்கு அலங்காரம். பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தால்தான் தெரியும். உதவிக் கருவியின் விளக்கு அறை முழுக்கச் சுவரில் பட்டுத் தெறிக்கும்படி, முதுகு காட்டி நிற்பவருக்கும் கண்ணோரத்தில் மாற்றம் தெரியும்படி இருக்க வேண்டும். மதியம் சன்னல் திறந்திருக்கும் நம் வீட்டு வெளிச்சத்தில் அது சாமானியக் காரியம் இல்லை. கடையில் இருட்டு மூலையில் போட்டுக் காட்டினால் எல்லா விளக்கும் பிரகாசமாகத்தான் இருக்கும்.

எவ்வளவு வேகமாகச் சிமிட்ட வேண்டும் என்பதிலும் கணக்கு உண்டு. ஒளிச் சிமிட்டலால் வலிப்பு வரக்கூடியவர்கள் இருக்கிறார்கள். நொடிக்குச் சில முறைக்கு மேல் போகும் வேகமான சிமிட்டல்கள் அவர்களுக்கு ஆபத்து. அமெரிக்கத் தீ எச்சரிக்கை விதிகள் நொடிக்கு ஒன்று அல்லது இரண்டு சிமிட்டல் என்று கட்டுப்படுத்துவது அதனால்தான். படபடவென்று அடிக்கும் டிஸ்கோ விளக்கு கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்து வாங்குவது தவறு.

தூங்குபவரை எழுப்புவது எது?

விழித்திருப்பவருக்கு ஒளி போதும். தூங்குபவருக்கு? ஆஸ்திரேலியாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோரதி ப்ரக், இயன் தாமஸ் இருவரும் செவித்திறன் குறைந்த பெரியவர்களைத் தூங்கவைத்து, தீ எச்சரிக்கைக் கருவிகளைச் சோதித்தார்கள். பளிச்சிடும் விளக்குக்கு எழுந்தவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான். படுக்கையை அதிரவைக்கும் கருவிக்கு ஐந்தில் நான்கு பேர் எழுந்தார்கள். எல்லாவற்றையும் முந்தியது ஒரு ஒலிதான்: 520 ஹெர்ட்ஸ் அளவில், கரகரப்பான தாழ்ந்த ஒலி. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதற்கு எழுந்தார்கள். உயர் அலைவெண் ஒலிகள் முதலில் போகின்றன என்று மேலே பார்த்ததோடு இது பொருந்துகிறது. செவித்திறன் குறைந்தவர்கள் தூங்கும் அறைகளில் 520 ஹெர்ட்ஸ் எச்சரிக்கை வேண்டும் என்று அமெரிக்கத் தீத்தடுப்புத் தரவிதி பின்னர் சேர்த்துக்கொண்டது.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் நேராக வருகின்றன. கொஞ்சமாவது காது கேட்பவருக்கு ஒலியை முழுக்கக் கைவிடக் கூடாது, சரியான ஒலியைத் தேட வேண்டும். அறவே கேளாதவருக்கு, இரவில் விளக்கை மட்டும் நம்பக் கூடாது; தலையணைக்கு அடியிலோ மெத்தைக்கு அடியிலோ வைக்கும் அதிர்வுத் தட்டு வேண்டும்.

அதிர்வுத் தட்டுக்குள் இருப்பது ஒரு மோட்டாரும், அதன் அச்சில் ஒரு பக்கமாகப் பொருத்திய எடையும்தான். பல போன்கள் அதிர்வதும் இதே தத்துவம், இங்கே அளவு மட்டும் பெரிது. நகர்ந்து கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்துவிட்டால் பயன் இல்லை என்பதால் தலையணை உறைக்குள் போட்டுக் கட்டுவது நல்லது. பாய் விரித்துத் தரையில் படுப்பவர்களுக்கும் தலையணை வழிதான் சரிப்படும். கண்ணும் தெரியாமல் காதும் கேளாதவர்களுக்குப் பகலிலும் அதிர்வு ஒன்றே வழி. சட்டைப்பையிலோ இடுப்பிலோ வைக்கும் சிறிய பேஜர் வகை ரிசீவர்கள் அவர்களுக்கானவை.

செய்தி எங்கே தொலைகிறது

வயர்லெஸ் பெல்லின் பெரிய பலவீனம் அது ஒருவழிப் பாதை என்பது. பட்டன் அனுப்பிவிட்டு மறந்துவிடும். ரிசீவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது. பட்டனில் சின்ன விளக்கு எரிந்ததும் வந்தவர் "அடித்துவிட்டது" என்று நினைத்து நிற்பார். அந்த விளக்கு சொல்வது பட்டன் அழுத்தப்பட்டது என்பதை மட்டும்தான். நடைமுறையில் தொலையும் இடங்கள்:

1. தூரம். 'எல்லை 300 மீட்டர்' என்பது திறந்த மைதானத்துக்கான எண். கம்பி வைத்துக் கட்டிய கான்கிரீட் தளம் ஒன்று குறுக்கே வந்தாலே அது பல மடங்கு சுருங்கும். கீழ் வாசலில் பட்டன், இரண்டாம் மாடியில் வீடு என்றால் வாங்கும் முன்பே திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

2. இரும்பு கேட். பட்டனை நேராக இரும்பிலோ கிரில்லிலோ ஒட்டினால் ஆன்டெனாவின் வேலையை உலோகம் கெடுக்கும். நடுவில் இரண்டு சென்டிமீட்டர் மரத்துண்டோ பிளாஸ்டிக்கோ வைத்தாலே வித்தியாசம் தெரியும். கேட் தூணின் சுவரில் மாட்டுவது இன்னும் மேல்.

3. பேட்டரி. திடீரென்று சாகாது, வோல்டேஜ் குறையக் குறைய எல்லை குறையும். பக்கத்து ரிசீவர் மின்னும், தூரத்து அறை ரிசீவர் மின்னாது. சோதிப்பவர் ஹாலில் நின்று பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்பார். பேட்டரி இல்லாத, அழுத்தும் விசையில் இயங்கும் பட்டனுக்கு இந்தச் சிக்கல் கிடையாது என்பதால், மற்றவை சமமாக இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பதே மேல்.

4. மின்வெட்டு. பிளக் பாயின்டில் மாட்டும் ரிசீவர் கரண்ட் போனால் செத்துவிடும். இன்வெர்ட்டர் இணைப்பில் உள்ள பாயின்டா என்று பார்க்க வேண்டும், அல்லது உள்ளே பேட்டரி உள்ள ரிசீவராக இருக்க வேண்டும்.

5. மழை. ஐப்பசி கார்த்திகை மழையில் பட்டனுக்குள் நீர் இறங்கித் தொடர்புத் தகடு துருப்பிடிப்பது சகஜம்.

6. பொய் அழைப்பு. அடுக்குமாடியில் வேறொரு கருவியின் எண் ஒத்துப்போனால் யாரும் இல்லாமலே விளக்கு எரியும். காது கேட்பவர் எரிச்சலோடு விட்டுவிடுவார். காது கேளாதவர் நாலு முறை வீணாக வாசலுக்குப் போய்வந்தால் ஐந்தாவது முறை எழ மாட்டார். அன்றுதான் டாக்டர் வந்திருப்பார்.

நல்ல உதவிக் கருவிகளின் கூடுதல் விலைக்கு நியாயம் இங்கேதான் இருக்கிறது. பேட்டரி குறைந்தால் ரிசீவரிலேயே தனி விளக்கு, மின்சாரம் போனால் மாற்று பேட்டரி ஆகியவை இருந்தால் மட்டும் அந்த விலையைக் கொடுக்கலாம். இல்லையென்றால் அழகான பெட்டிக்குக் காசு கொடுத்ததாகத்தான் அர்த்தம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வாங்கி அனுப்புவதில் ஒரு எச்சரிக்கை. அமெரிக்க வீட்டு மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230. அடாப்டரில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் மட்டும் சொருகுங்கள்.

எலக்ட்ரீஷியன் வழி

நம் வீடுகளின் பழைய காலிங் பெல் பெரும்பாலும் நேராக 230 வோல்ட்டில் ஓடுவது. அதனால் பெல்லோடு இணையாக ஒரு எல்இடி பல்பை இணைத்துவிட்டால், அழுத்தும்போது பல்பும் எரியும். தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார். ரேடியோ இல்லை, பேட்டரி இல்லை, அடையாள எண் குழப்பம் இல்லை. ஒரே அறையில் அதிக நேரம் இருக்கும் முதியவருக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம்.

குறை என்னவென்றால், அழுத்தியிருக்கும் நேரம் மட்டும்தான் எரியும். வந்தவர் தொட்டுவிட்டு எடுத்தால் ஒரு கணம் மின்னி மறையும். அரை நிமிடம் எரியவைக்கும் டைமர் ரிலே ஒன்றைச் சேர்த்தால் அது தீரும். அறைக்கு அறை வயர் இழுக்க வேண்டிவரும்போதுதான் வயர்லெஸ்ஸின் அருமை தெரியும்.

போனும் கேமராவும்

2020-இல் ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் ஒலியை அடையாளம் காணும் வசதி வந்தது. காலிங் பெல், குழந்தை அழுகை, புகை எச்சரிக்கை போன்ற சத்தங்களை மைக் கேட்டு, திரையில் காட்டி அதிரும். 2022-இல் ஐபோனில் உங்கள் வீட்டு பெல்லின் சத்தத்தையே பழக்கிக்கொள்ளும் வசதியும் சேர்ந்தது. செலவில்லாதது, முயன்று பார்க்கலாம். ஆனால் போன் பெல் கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும், சார்ஜ் இருக்க வேண்டும், டிவி ஓடக் கூடாது. ஆபத்தான சூழ்நிலைகளில் இதை நம்ப வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே எச்சரிக்கிறது.

கேமரா பெல் வந்தவர் யார் என்று காட்டுகிறது. இண்டர்காமில் "யாரு?" என்று கேட்க முடியாதவருக்கு இது உண்மையிலேயே பெரிய வசதி. அழைப்பு தவறினாலும் பதிவு மிச்சமிருக்கும், ஆக மூன்றாவது கேள்விக்கு ஓரளவு பதிலும் கிடைக்கிறது. ஆனால் வீட்டு வைஃபை, இணையம், நிறுவனத்தின் சர்வர், போனின் அறிவிப்பு அமைப்பு என்று நான்கு கண்ணிகளும் உயிரோடு இருக்க வேண்டும். இதைத் தனியாக நம்புவதைவிட ரேடியோ பெல்லுக்குத் துணையாக வைப்பது சரி.

வாசலும் தீயும் ஒரே விளக்காக இருக்கக் கூடாது

ஒரே ரிசீவரில் வாசல், போன், குழந்தை அழுகை, புகை எச்சரிக்கை எல்லாவற்றையும் இணைக்கும் தொகுப்புகள் உண்டு. அப்போது இரண்டாவது கேள்வி வருகிறது. தபால்காரருக்கும் தீக்கும் ஒரே மாதிரி மின்னினால், ஒருவர் நிதானமாக முகம் கழுவிவிட்டு வருவார். அமெரிக்காவின் 2010 அணுகல் தரவிதி, காது கேளாதோருக்கான ஓட்டல் அறைகளில் கதவுத் தட்டலையும் போனையும் காட்டும் விளக்கைத் தீ எச்சரிக்கை விளக்கோடு இணைக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. வீட்டிலும் வேறு நிறமோ, வேறு அதிர்வுத் தாளமோ இருக்க வேண்டும்.

யார் பணம் கொடுப்பது என்பதில் நாட்டுக்கு நாடு நிலைமை மாறுகிறது. ஜெர்மனியில், காது கேளாதோருக்கான ஒளி வகைப் புகை எச்சரிக்கைக் கருவியை மருத்துவக் காப்பீடு வழங்க வேண்டும் என்று 2014-இல் அந்நாட்டின் உச்ச சமூக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காது மிஷினைப் போலவே இதுவும் உடற்குறையை ஈடுசெய்யும் கருவிதான் என்ற பார்வை அது. இங்கே காது மிஷின்களை வழங்கும் மத்திய அரசுத் திட்டங்கள் உண்டு. வாசல் விளக்கு இன்னும் வீட்டுச் சாமானாகவே பார்க்கப்படுகிறது.

மாட்டிய பிறகு

பொருத்திய அன்றே இதைச் செய்துவிடலாம், அப்புறம் மாதம் ஒரு முறை.

1. ஒருவர் வாசலில் நின்று, வழக்கமாக வருபவர்கள் அழுத்துவது போல லேசாக ஒரே முறை அழுத்தட்டும். காது கேளாதவர் ஒவ்வொரு அறைக்கும் போய்ப் பார்க்கட்டும். குளியலறையை விட்டுவிடாதீர்கள்.
2. நல்ல வெயில் நேரத்தில் ஒரு முறை, இரவில் அவர் படுத்திருக்கும்போது ஒரு முறை.
3. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒரு முறை.
4. தனியாக வாழ்பவர் என்றால் பால்காரரையோ எதிர் வீட்டுக்காரரையோ, மாதத்தில் ஒரு நாள் குறித்த நேரத்தில் அழுத்தச் சொல்லி வைக்கலாம். அந்த நேரத்தில் விளக்கு எரியவில்லை என்றால் கருவி பழுது. மூன்றாவது கேள்விக்கு இதைவிட மலிவான விடை கிடையாது.
5. பட்டனுக்கு மேலே ஒரு சீட்டு: "காது கேட்காது. பெல்லை அழுத்திவிட்டு ஒரு நிமிடம் நில்லுங்கள். போன் செய்ய வேண்டாம், மெசேஜ் அனுப்புங்கள்." தனியாக இருப்பவர், காது கேட்காது என்று ஊருக்கே அறிவிக்கத் தயங்கினால் முதல் வாக்கியத்தை விட்டுவிடலாம், மற்ற இரண்டும் போதும்.